பக்கத்துக் கோளை எடுத்துவிட்டால்

மகனுக்கு,

பெங்களூருவுக்கான என் பயணச் சீட்டை நீ அனுப்பி ஒன்பது நாட்கள் ஆகின்றன. வருகிறேன் என்றும் நான் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள், ஒரு கேள்விக்கு இத்தனை நாள் விடை எழுதாமல் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எந்த வாக்கியத்துக்கு அந்தச் சரி என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன். குழப்பம் தீர்ந்தபின் எழுதலாம் என்றுதான் முதலில் காத்திருந்தேன். அது தீரும் அறிகுறி இல்லை. அடுத்த வியாழக்கிழமை விமானம் புறப்பட்டுவிடும். அதற்குள் ஏதாவதொன்று சொல்லியாக வேண்டும்.

என் குழப்பத்துக்கு நீதான் காரணம். சென்ற மாதம் நீ ஆற்றிய உரையின் காணொளியை மூன்று முறை பார்த்தேன். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்திக்கொள். இளம் நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு பெரிய வட்டு சுழல்கிறது. வாயு தன் அழுத்தத்தின் தயவால் சற்றே மெதுவாகச் சுற்றுகிறது. அதனூடே ஓடும் சிறு கற்களுக்கு அது எந்நேரமும் எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் வேகமிழந்த கற்கள் சுழன்றபடியே உள்நோக்கி நழுவி, இறுதியில் நட்சத்திரத்திலேயே போய் விழுகின்றன. கோளாகச் சேர வேண்டிய பொருள் இப்படி அழிந்துபோகாமல் தடுப்பது எது என்பது உன் கேள்வி. ஒரு கோள் மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகிவிட்டால், அது தன் பாதையில் வாயுவை விலக்கி ஒரு பள்ளம் பறிக்கிறது. பள்ளத்தின் வெளிக்கரையில் அழுத்தம் கூடுகிறது. உள்நோக்கி வரும் கற்கள் அங்கே தேங்குகின்றன. தேங்கிய இடத்தில் இன்னொரு கோள் பிறக்க வழியுண்டு. ஆனால் பள்ளத்துக்கு உட்புறம், நட்சத்திரத்தின் அருகே வளர்ந்துகொண்டிருக்கும் சிறிய கோளுக்குப் போக வேண்டிய கற்களும் அதே கரையில் நின்றுவிடுவதால், அது வளர்ச்சி குன்றிப்போகிறது. ஆக, அண்டையில் இருக்கும் ஒரே கோள் வெளிப்பக்கத்தில் இருப்பதற்குச் செவிலி. உட்பக்கத்தில் இருப்பதற்கு வழிமறிப்பவள்.

இவ்வளவும் சிரமமில்லாமல் புரிந்தது. அதற்கு அடுத்த படத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன். மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு சந்தின் படத்தைத் திரையில் காட்டி, "இது கொல்கத்தாவில், பெஹாலாவில், நான் வளர்ந்த சந்து. ஓடும் தண்ணீரில் ஒரு செங்கல்லை வைத்து, குப்பை எங்கே சேர்கிறது பார் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் எதிர்வீட்டுக் காக்கு, சித்தப்பா முறை. என் ஆராய்ச்சி அந்தச் செங்கல்லில் தொடங்கியது" என்று சொன்னாய். அரங்கம் கைதட்டியது. உனக்கு இயக்க விதிகளைக் கற்பித்தவள் நான். ஒன்பதாம் வகுப்பில் நீ போட்ட அத்தனை விசைப்படங்களிலும் அம்புக்குறியைத் திருத்தியவள் நான். என் பெயர் நன்றியுரையில், கணினி மையத்துக்கு முன்னால் வந்தது. மதிப்பான இடம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அன்று மாலை முழுவதும் மாலதி இரண்டு முறை வந்து கதவைத் தட்டியும் நான் திறக்கவில்லை. செங்கல் வைத்தவர் அவளுடைய கணவர் என்பதைத் தவிர அவள் அன்று எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

உன் காக்கிமா மாலதியை உனக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நான் அவளை எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. வங்கி வேலையாக உன் அப்பா இந்த ஊருக்கு மாற்றலாகி, முதல் மாடியில் எதிரெதிராக இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியேறியபோது, மற்றதில் அவளும் அலிப்பூர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த அவள் கணவரும் இருந்தார்கள். குழந்தை இல்லை. நீ பிறந்ததும் எங்களுக்கு ஒரு பிள்ளை, அவர்களுக்கு ஒன்றரைப் பிள்ளை என்றாயிற்று. உனக்குப் பாப்லு என்று பெயர் வைத்தவள் அவள்; நான் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. நான் கல்லூரிக்குப் போகும் நேரமெல்லாம் நீ அங்கே இருந்தாய். எனக்கு அது வசதி. வசதியாக இருந்ததால்தான் பிடிக்காமல் போனது என்று இப்போது தோன்றுகிறது. அப்படியும் இல்லையோ என்னவோ.

இப்போது நான் ஒரு பொய்யைத் திரும்பப் பெற வேண்டும். விஜயதசமியன்று அரிசித் தட்டில் உன் விரலைப் பிடித்து நான் எழுத வைத்த அகரம்தான் நீ எழுதிய முதல் எழுத்து என்று உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உன் மணவிருந்தில் உன் மனைவியிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னால், சரஸ்வதி பூஜையன்று, எதிர்வீட்டில் உனக்கு ஹாதே கோரி நடந்துவிட்டது. இங்கே குழந்தைகளுக்கு முதல் எழுத்து அந்த நாளில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. கல்லூரியிலும் அன்று பூஜை. மாணவிகளோடு நான் அங்கே இருந்தாக வேண்டும். உன்னை மாலதியிடம் விட்டுப் போனேன். மாலையில் திரும்பியபோது நீ மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, விரலெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு வாசலில் நின்றாய். அவள் ஒரு சிலேட்டை நீட்டினாள். அவள் பேசுவது வங்காளம். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் என் காதில் தமிழாகவே விழுகிறது, அப்படியே எழுதுகிறேன், அக்கா என்று பொருள்படும் அந்தத் தீதியை மட்டும் மாற்றாமல்.

"தீதி, பாருங்க! உங்க பாப்லு எழுதிட்டான்! முதல் எழுத்து!"

"யாரைக் கேட்டு எழுத வச்சே?"

"சரஸ்வதி பூஜைக்கு யாரைக் கேக்கணும்? வருஷா வருஷம் அதுவே வருது!"

நான் சிலேட்டை வாங்கி முந்தானையால் துடைத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். மறு ஆண்டு பழிவாங்கவும் செய்தேன். பூஜைக்கு முன் இலந்தைப் பழம் தின்றால் குழந்தைக்குப் படிப்பு வராது என்று அவள் நம்புவாள். கடைக்காரனே உனக்கு விற்கத் தயங்கும் அந்தப் பழத்தைப் பூஜைக்கு மூன்று நாள் முன்னால் வாங்கி, அவள் பார்க்கும்படி, உனக்கு ஊட்டினேன். உன் முனைவர் பட்டம் உறுதியான நாளில்தான் அவள், "அப்பாடா, அந்த இலந்தை செரிச்சிருச்சு" என்று சொன்னாள். அதுவரை இருபத்தைந்து ஆண்டுகள் அவள் அதை நினைவில் வைத்திருந்தாள் என்று அன்று தெரிந்தது.

செங்கல்லுக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் நீ கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியதும், எதிர்வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாம் என்று நான் சட்டம் போட்டது உனக்கு மறந்திருக்காது. ஓராண்டு அந்தச் சட்டம் நடந்தது. இப்போது உன் மொழியில் சொன்னால், பக்கத்துக் கோளை நீக்கிவிட்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். முடிவு என்ன? மதிப்பெண் தொண்ணூறைத் தொட்டது. கேள்வி கேட்பது நின்றுபோனது. அதற்கு முன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஏன், எதற்கு என்று என் உயிரை வாங்குவாய். அந்த ஆண்டு முழுவதும் "ரசம் போடும்மா" என்பதைத் தாண்டி நீ எதுவும் கேட்டதாக நினைவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு ஆடி மாத மழையில், சந்து முழங்கால் ஆழத்துக்கு நிறைந்து வடியத் தொடங்கிய ஒரு மாலையில், சன்னல் வழியே பார்த்தால் நீயும் காக்குவும் சாக்கடை முனையில் குனிந்து நிற்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை. அவர் ஒரு செங்கல்லை இப்படி வைக்கிறார், அப்படி வைக்கிறார். நான் மேலிருந்து கத்தினேன்.

"ஏங்க, அந்தத் தண்ணியில என்ன வேலை? பையனுக்குச் சொறி வரும்!"

"ரெண்டு நிமிஷம் தீதி! இவன் ஒரு கேள்வி கேட்டான், பதில் மிதந்து வந்துகிட்டிருக்கு!"

அவர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் போய்விட்டார். நான் அன்று கீழே இறங்கி வந்து பார்த்திருக்கலாம். அழுத்தம், ஓட்டம், தேக்கம் எல்லாம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அழுக்குத் தண்ணீர்.

உரையைப் பார்த்த மறுநாள் நான் உன்னைத் தொலைபேசியில் அழைத்தது இதற்காகத்தான். நான் ஏதோ ஆர்வத்தில் கேட்கிறேன் என்று நீ எண்ணினாய்.

"நடுவுல இருக்கற அந்தப் பெரிய கோளை எடுத்துட்டா என்ன ஆகும்?"

"வெளியேருந்து வர்ற கல்லெல்லாம் எங்கயும் நிக்காம நேரா நட்சத்திரத்துக்குள்ள போய்டும்மா. ஓட்டிப் பாத்தாச்சு. வெளியில ரெண்டாவது கோள் உருவாகவே இல்லை."

"உள்ள இருக்கற சின்னது?"

"அதுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்."

"அப்போ பக்கத்துல ஒண்ணு இருக்கறது நல்லதா, கெட்டதா?"

"எங்க நிக்கறோங்கறதப் பொறுத்தது."

இந்த விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். நீ எங்கே நின்றாய்? மாலதியின் கரைக்கு வெளியிலா, உள்ளேயா? மதிப்பெண் தொண்ணூறு, கேள்வி பூஜ்யம் என்று வந்த என் பரிசோதனையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இத்தனை ஆண்டுகளாக நான்தான் நட்சத்திரம், அவள் அண்டைக் கோள் என்று வைத்துக்கொண்டேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை. நானே வழியில் நின்ற கோளாக இருந்து, அவளிடமிருந்து உனக்கு வர வேண்டியதை மறித்திருக்கலாம். உன் கணினியில் ஒரு கோளை எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து ஓட்ட முடிகிறது. எனக்கு ஒரே ஓட்டம்தான் கிடைத்தது; அதையும் நடுவில் குறுக்கிட்டுக் கெடுத்து வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கு வானியலைப் பொருத்திப் பார்ப்பது அறிவீனம் என்று என் மாணவிகளுக்கு நான் சொல்வதுண்டு. வேறு எதைக் கொண்டு பார்ப்பது என்று அப்போது யாரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. துர்கா பூஜை முடிந்த வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றும், நானே எழுந்து வந்து மருத்துவரைப் பார்த்தேன் என்றும் உன்னிடம் சொன்னேன். நான் எழவில்லை. எழ முடியவில்லை. மாலதியிடம் நம் வீட்டுச் சாவி இருக்கிறது. பத்து மணிக்கு என் வானொலிச் சத்தம் கேட்கவில்லை என்று அவள் கதவைத் திறந்து வந்தாள். என்னைப் போர்வையில் சுற்றி, கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மருத்துவமனையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அங்கே படிவத்தில் என்ன உறவு என்று கேட்டபோது, "எதிர்வீடு" என்று சொல்லி, எழுதுபவரோடு சண்டை பிடித்து, அதையே எழுத வைத்தாள். தங்கை என்று சொல்லியிருந்தால் சண்டை மிச்சம். அந்த வீழ்ச்சியைக் காரணம் காட்டித்தான் நீ சீட்டு அனுப்பியிருக்கிறாய். அப்பாவும் போனபின் தனியாக இருக்கிறாய் என்கிறாய். நான் சொன்ன பொய்யின் மேல் கட்டிய முடிவு அது, குற்றம் உன்னுடையதல்ல. அவளை உன்னிடம் மறைத்தவள் நான்.

சீட்டைப் பற்றி அவளிடம் எட்டு நாட்களாக நான் வாய் திறக்கவில்லை. நான் போனால் இந்த மாடியில் அவள் ஒருத்திதான். வயது எழுபது, முழங்கால் இரண்டும் பழுது. வீட்டைப் பிறகு கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், எதிரில் ஒரு பூட்டுகூட அவளுக்கு மிஞ்சாது. நேற்றுக் காலை அவள் வழக்கம்போல் பொரியும் பச்சை மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு மிளகாயைக் கடித்து முடித்தாள்.

"எப்போ?"

"அடுத்த வியாழக்கிழமை."

"சரஸ்வதி பூஜைக்கு முந்தியேவா? சரி. பாப்லு கூப்பிட்டா போகத்தான் வேணும். கேஸ் சிலிண்டர் புதன்கிழமை வரும், வாங்கி எனக்குக் கொடுத்துட்டுப் போங்க."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"என்ன சொல்லணும்? அழணுமா? இந்த வயசுல அழுதா மூக்குதான் அடைக்குது."

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிலேட்டைத் துடைத்தது தவறு என்று சொன்னேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் தாமதமாகச் சொன்னேன். "உன் புள்ள முதல்ல எழுதினது உன் மொழியிலதான், அதை நான் திருடிக்கிட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பொரி தட்டோடு சரிந்து தரையெல்லாம் சிதறியது.

"எந்த எழுத்து தீதி? அவன் எழுத்தே எழுதல. புரோகிதர் இன்னும் பத்து வீடு இருக்குன்னு ஓடிட்டார், நான்தான் கையைப் பிடிச்சேன். உங்க புள்ள என் கையை உதறிட்டான். தானா ஒரு வட்டம் போட்டான். அதுக்குள்ள இன்னொரு வட்டம். அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் முதல் எழுத்துன்னு சொன்னே?"

"நீங்க வாசல்ல வந்து நின்ன நிலை இருக்கே, அதைப் பாத்தா யாருக்குத் தோத்துப்போக மனசு வரும்? சிலேட்டை ஒருதரம் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பாக்காமலே துடைச்சீங்க."

உண்மை. நான் பார்க்கவில்லை. மாணவி ஒருத்தி அளவீட்டைப் படிக்காமல் அழித்திருந்தால் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பியிருப்பேன். நான் அழித்தது அவளுடைய எழுத்தை என்று நினைத்தேன்; அவள் என்னை வென்றதாக நினைத்தாள்; நடுவில் நீ இருவர் கையையும் உதறிவிட்டு வட்டத்துக்குள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். உன் கணினி, அண்டைக் கோள் இல்லாமல் வெளியில் எதுவும் பிறக்கவில்லை என்கிறது. அந்தச் சிலேட்டு வேறு எதையோ சொல்லியிருக்கும். இப்போது அதைக் கேட்க வழியில்லை. யார் உன்னை உருவாக்கியது என்ற கேள்வியில், தொடங்கிய இடத்தைவிட அதிகக் குழப்பத்தில் நிற்கிறேன்.

ஆனால் குழப்பத்துக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது பொரியைப் பெருக்கும்போது புரிந்தது. யார் யாரை மறித்தார்கள் என்று தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும் என்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். அது நீ வளர்ந்த காலத்துக் கேள்வி. நீ வளர்ந்தாயிற்று. உன் உரையின் கடைசியில் ஒன்று சொன்னாய்: வட்டின் வாயு முழுவதும் கலைந்துபோன பிறகும் சில கோள்கள் ஒன்றுக்கொன்று இசைந்து சுற்றுகின்றன, ஒன்று இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றது ஒரு சுற்று, அந்த இசைவே அவற்றைப் பாதை பிறழாமல் வைத்திருப்பதும் உண்டு. இங்கே அவள் என் கதவை நாளுக்கு இரண்டு முறை தட்டுகிறாள். நான் அவள் கதவை ஒரு முறை. இவ்வளவு காலத்தில் இந்த விகிதம் மாறியதில்லை.

சீட்டை ரத்து செய்துவிடு. இதைப் பாசம் என்று எண்ணி நெகிழாதே. அவள் பொரியில் உப்பு அதிகம், தொலைக்காட்சிச் சத்தம் அதைவிட அதிகம். கோடை விடுமுறைக்கு இரண்டு பேருக்கும் சீட்டு அனுப்பு, மாடிப்படி இல்லாத அறையாகப் பார். நான் வராததை உன் மனைவி தவறாக எடுத்துக்கொள்வாளானால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. மணவிருந்தில் சொன்ன பொய்க்கு அவளுக்கும் ஒரு திருத்தம் கடன். அவளிடம் இன்னொன்றும் கேள். உங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் என்ன? சென்ற முறை வந்தபோது உன்னிடம் கேட்டேன், "யாரோ ஒரு குடும்பம்" என்றாய். போய்ப் பெயரைத் தெரிந்துகொள். சாவியில் ஒன்றை அவர்களிடம் கொடு. அவர்கள் உன் பிள்ளையின் கையில் எதையாவது கொடுத்து எழுத வைத்தால், கோபம் வருவது இயல்பு, வரட்டும். துடைப்பதற்கு முன் ஒரு முறை பார்.

பூஜைக்கு இன்னும் பத்து நாள். நாளை மாலதியோடு கடைக்குப் போகிறேன். கீழ்வீட்டுக் குழந்தைக்கு இந்த ஆண்டு ஹாதே கோரி, ஒரு சிலேட்டு வாங்க வேண்டும். கையைப் பிடிக்கப் போவது யார் என்று இப்போதே எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த முறை கணினி ஓய்வாக இருக்கும்போது, நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, என்ன வருகிறது என்று எனக்குத் தெரிவி. அது இல்லாவிட்டால் வட்டே இருக்காதம்மா, இது என்ன கேள்வி என்று சொல்லுவாய். தெரியும். நீ எழுதி நான் படிக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

அம்மா
பெஹாலா